நிலவிலே காணி உறுதி உண்டா?

காணி வாங்குவோர் முதலிற் பார்ப்பது உறுதியை. நான்கெல்லைகள், கிணற்றிற் பங்கு, வழி வாய்க்கால் யாவும் அதில் விபரமாக எழுதப்பட்டிருக்கும். சந்திரனிலே ஒரு பரப்புக் காணிக்கு இவ்விதம் உறுதி முடிக்க இயலுமா என்று மாணவரொருவர் வினவினால், நாம் கூறத்தக்க விடை யாது?

இயலாது என்பதே சட்டத்தின் விடை. 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி இலண்டன், மொஸ்கோ, வாஷிங்டன் ஆகிய நகரங்களிற் கைச்சாத்துக்கு வைக்கப்பட்ட விண்வெளி உடன்படிக்கை, அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி அமுலுக்கு வந்தது. இறைமை கொண்டாடியோ, குடியேறியோ, வேறெவ்வகையிலோ சந்திரனை எந்த அரசும் தனதாக்கிக் கொள்ளலாகாது என அதன் இரண்டாம் உறுப்புரை விதிக்கின்றது. 1969இல் அமெரிக்கர் அங்கு நாட்டிய கொடியும் உரிமைக் கொடி அன்று.

நிலம் எவருக்கும் சொந்தமன்று, சரி. அந்நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கும் பொருள் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. உடன்படிக்கை இதனைத் தெளிவுறக் கூறவில்லை. எடுத்தவருக்கே பொருள் சொந்தம் என ஐக்கிய அமெரிக்கா 2015இலும், லக்சம்பேர்க் 2017இலும் சட்டம் இயற்றின. ஆழ்கடல் எவருக்கும் உரியதன்று. ஆயினும் பிடித்த மீன் பிடித்தவனுக்கே என்பது இவர்கள் பக்கத்து நியாயம்.

மறுபக்கத்து நியாயமும் கடலிலிருந்தே பிறக்கின்றது. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடிக் கனியங்கள் மானிட குலத்தின் பொதுச் சொத்து என 1982ஆம் ஆண்டின் கடற் சட்ட உடன்படிக்கை கூறுகின்றது. அதனை ஆக்கிய மாநாட்டுக்கு, 1980இற் காலமாகும் வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பது நம் மாணவர் அறியவேண்டியதொன்று. இதே கொள்கையை 1979ஆம் ஆண்டின் சந்திர உடன்படிக்கையும் மேற்கொண்டது. ஆனால் அதில் இணைந்த நாடுகள் இருபதுக்கும் குறைவு; அமெரிக்காவும், ரஷ்யாவும், சீனாவும் இணையவேயில்லை.

இன்று இவ்வளவு அவசரம் ஏன்? தண்ணீரே காரணம். 2008இற் புறப்பட்ட இந்தியாவின் சந்திரயான்-1, சந்திரனில் நீர் உண்டென்பதற்குச் சான்று தந்தது. தென்துருவத்தை அடுத்து, சூரிய ஒளி என்றுமே படாத பள்ளங்களிற் பனிக்கட்டி உறைந்துள்ளது. அது பருகும் நீராகும்; ஐதரசன், ஒட்சிசன் எனப் பிரித்தால் ரொக்கெட்டுக்கு எரிபொருளுமாகும். அத்தகைய இடங்களோ மிகச் சில.

அங்கு அயலவர் இருவர் அருகருகே தொழில் செய்வதும் இலகுவன்று. 1969 நவம்பரில் அப்பல்லோ-12, முன்னரே அங்கிருந்த சேர்வேயர்-3 என்னும் கலத்துக்கு ஏறக்குறைய 160 மீற்றர் தூரத்தில் இறங்கியது. இறங்குகையிற் கிளம்பிய தூசி அக்கலத்தைத் தாக்கிய வடுக்களை, பூமிக்குக் கொண்டுவந்த அதன் பாகங்களிற் கண்டனர். காற்றில்லாத அவ்வுலகிற் சிறு துகளும் நெடுந்தூரம் வேகம் குன்றாது பாயும்.

ஆகவேதான் 2020இல் எட்டு நாடுகள் முதலிற் கைச்சாத்திட்ட ஆர்ட்டெமிஸ் இணக்கம், 'பாதுகாப்பு வலயம்' என்னும் ஏற்பாட்டைக் கூறுகின்றது. நோக்கம் நியாயமானதே. எனினும் பாதுகாப்புக்கென இன்று இடும் அடைப்பு, நாளை எல்லை வேலியாகிவிடாதா? நீருள்ள பள்ளத்தைச் சுற்றி அவ்வேலி அமையுமாயின், பிந்தி வரும் சிறிய நாடுகளுக்கு எஞ்சுவது யாது?

பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தண்ணீர் ஒருவனுடையதன்று, முறை வந்தால் இறைக்கும் உரிமை எல்லாப் பங்காளருக்கும் உண்டு. ஆனால் கிணறு மீண்டும் ஊறும். சந்திரப் பனியோ மிக நெடுங்காலத்திற் சேர்ந்தது, எடுத்தால் மீளாது. ஆதலின் முறை மட்டும் போதாது. எவ்வளவு எடுக்கலாம், எதனைத் தொடாது விடல் வேண்டும் என்னும் அளவையும் முதற் கலம் அகழத் தொடங்குமுன்னரே எழுதிவைத்தல் வேண்டும்.

வியன்னாவிற் கூடும் ஐக்கிய நாடுகள் விண்வெளிக் குழுவின் கீழ், இதனை ஆராய 2021இல் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. வல்லரசுகள் மட்டுமே பேசி முடிக்கும் விடயமாக இதனை விட்டுவிடலாகாது. ரொக்கெட் இல்லாத நாட்டுக்கும் அச்சபையிற் குரல் உண்டு. கடற் சட்ட மாநாட்டில் ஓர் இலங்கையர் அதனைக் காட்டிச் சென்றார். இன்று சட்டமும் விஞ்ஞானமும் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அச்சபையில் அமரட்டும்.