காலணியின் நிறமும் கல்வியின் நிறமும்

மாணவரைக் கெடுப்பது எது என்னும் வினா எழும்போதெல்லாம் ஆசிரியர் உலகம் ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் சில உண்டு. திரைப்படம் கெடுக்கிறது, மேனாட்டு இசை கெடுக்கிறது, நீண்ட தலைமுடி கெடுக்கிறது. பள்ளியும் கெடுக்கக்கூடும் என்று மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லத் துணிந்த திரைப்படம் ஒன்று 2016ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து வெளிவந்தது. 'சிங் ஸ்டிரீட்' என்பது அதன் பெயர். இயக்கியவர் ஜான் கார்னி. பதின்ம வயதுப் பையன்கள் சிலர் ஒன்றுகூடி, கையில் காசில்லாமல், ராக் இசைக்குழு ஒன்றை அமைக்கப் படும் பாடுதான் கதை. இத்தகைய படம் மாணவர் கண்ணில் படவே கூடாது என்பாரும் உளர். மாணவர் பார்ப்பது இருக்கட்டும். முதலில் ஆசிரியர் பார்த்தாக வேண்டிய படம் இது.

கதை நிகழும் களம் 1985ஆம் ஆண்டின் டப்ளின் நகரம். அயர்லாந்து அன்று வேலையின்மையால் வாடிக்கொண்டிருந்தது. உழைக்கும் அகவையினருள் நூற்றுக்கு 16 பேருக்கு மேல் வேலையற்றிருந்த காலம் அது. கடல் கடந்து இங்கிலாந்து செல்வதே இளைஞர் பலருக்கு எஞ்சியிருந்த ஒரே வழி. மணவிலக்கை நாட்டின் அரசியல் சட்டமே தடுத்திருந்தது. 1995ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்புக்குப் பின்னரே அத்தடை அகன்றது. ஆகவே, மனம் முறிந்த கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ்ப் பூசலிட்டுக் கிடந்தனர். அப்படியொரு வீட்டுப் பிள்ளைதான் கானர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன். குடும்பத்தின் வருவாய் சுருங்கவே, கட்டணம் மிகுந்த இயேசு சபைப் பள்ளியிலிருந்து அவனை விலக்கி, கிறித்துவச் சகோதரர்கள் சபையினர் நடத்தும் பள்ளியில் சேர்க்கிறார்கள்.

புதிய பள்ளி அவனிடம் காணும் முதற் குறை யாது? அறிவில் குறையன்று, ஒழுக்கத்தில் குறையன்று, காலணியின் நிறத்தில் குறை! பள்ளி விதிப்படி காலணி கறுப்பாக இருத்தல் வேண்டும். அவனுடையதோ பழுப்பு. வேறு வாங்க வீட்டில் பணமில்லை என்னும் உண்மை, பள்ளித் தலைவர் பாக்ஸ்டரின் செவியில் ஏறவேயில்லை. விதி விதிதான் என்கிறார்.

இங்கே ஒரு வரலாற்று உண்மையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கிறித்துவச் சகோதரர்கள் சபையின் தோற்றம் எதற்காக? 1802ஆம் ஆண்டில் வாட்டர்ஃபோர்டு நகரில் எட்மண்ட் ரைஸ் என்னும் வணிகர், தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்க்குக் கல்வி புகட்டவென்று தம் செல்வத்தை ஈந்து தொடங்கிய பணி அது. ஏழைப் பிள்ளைக்காகத் திறந்த கதவு, ஏழைப் பிள்ளையின் காலணியைக் காரணம் காட்டி அவனைக் குறுகச் செய்கிறது. திரைக்கதை கற்பனைதான். ஆனால், நிறுவனங்கள் தம் பிறப்பை மறக்கும் கதை கற்பனையன்று. விதி எதற்காக வகுக்கப்பட்டது என்னும் நினைவு முதலில் மறைகிறது. பின்னர் விதியே குறிக்கோளாகி அரியணை ஏறுகிறது. சீருடை எதற்கு? செல்வன் பிள்ளை, வறியவன் பிள்ளை என்னும் வேறுபாடு வகுப்பறையில் தெரியாதிருப்பதற்கு. அந்தச் சீருடையே வறியவனைத் தனியே பிரித்துக் காட்டுமாயின், அது தன் கடமைக்குத் துரோகம் செய்கிறதன்றோ?

கட்டொழுங்கு இன்றிப் பள்ளி இல்லை என்பது உண்மையே. அதை மறுப்பவர் வகுப்பறையில் ஒரு நாளும் நின்றறியாதவர். ஆனால், கட்டொழுங்கு வேறு, கையோங்கல் வேறு. முகத்தில் ஒப்பனை பூசிப் பள்ளிக்கு வந்த கானரை, பாக்ஸ்டர் வன்முறையாய்ப் பிடித்துக் கழுவிவிடும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. அயர்லாந்துப் பள்ளிகளில் உடல் தண்டனை 1982ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டுவிட்டது. கதை நிகழ்வதோ அதற்கு மூன்றாண்டுகள் கழித்து. ஆசிரியருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 1997ஆம் ஆண்டில்தான் நீங்கியது. ஆணை வந்த நாளில் கை தாழ்ந்துவிடுவதில்லை. மனம் தாழ்ந்தால்தான் கை தாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பள்ளியில் ஆசிரியரைக் காணாத கானர் வேறோர் ஆசிரியரைக் கண்டுகொள்கிறான். கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வீட்டோடு முடங்கிக் கிடக்கும் அவன் அண்ணன் பிரெண்டன்தான் அந்த ஆசிரியன். உலகம் பயனற்றவன் என்று தள்ளிவிட்ட அவ்விளைஞன் கற்பிக்கும் முறையைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஊன்றி நோக்குதல் நன்று. தம்பியும் தோழரும் டுரான் டுரான் குழுவினரின் பாடலொன்றை அப்படியே பாடிப் பதிவு செய்து வருகின்றனர். அண்ணன் அதை ஏற்கவில்லை. பிறர் பாட்டைப் பாடுவதில் இடர் இல்லை. இடர் இல்லாத இடத்தில் கலையும் இல்லை. சொந்தமாய் எழுது என்கிறான். அதே வேளையில் வெறுமனே எழுது என்று விட்டுவிடவுமில்லை. இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துக் கேட்கச் சொல்கிறான். கேட்கக் கேட்கத் தம்பியின் பாட்டு மாறுகிறது, நடை மாறுகிறது, உடையுங்கூட மாறுகிறது. இன்று ஒரு குழுவைப் போல், நாளை வேறொரு குழுவைப் போல் என்று திரிந்து, இறுதியில் தன்னைப் போலப் பாடத் தலைப்படுகிறான்.

இதனைப் பித்து என்று நகைப்பவர், மொழி கற்பிக்கும் வகுப்பறையை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். நல்ல நூல்களைப் படி, அவை போல் எழுதிப் பார், பின்னர் உன் நெஞ்சிலிருந்து எழுது என்பதுதானே கட்டுரை கற்பிக்கும் முறை? நடைமுறையில் நிகழ்வது யாது? மனப்பாடம் செய்த கட்டுரையைத் தேர்வுத் தாளில் இறக்கிவைக்கும் மாணவனுக்கு முழு மதிப்பெண். தன் சொல்லால் எழுதத் துணிந்து இடறியவனுக்குச் சிவப்புக் கோடு. பிரெண்டன் கடிந்தது எதையோ, அதையே வகுப்பறை பாராட்டுகிறது.

அப்பள்ளியில் பேரி என்னும் முரடன் ஒருவன் உண்டு. கானரை அடித்தும் இழிவுபடுத்தியும் மகிழ்பவன். அவனிடம் கானர் ஒரு கட்டத்தில், உன்னால் எதையும் தடுத்து நிறுத்தத்தான் முடியும், ஆக்க முடியாது என்னும் பொருள்படச் சொல்கிறான். முரடனுக்குச் சொன்ன அச்சொல் தலைவருக்கும் தைக்கும். பின்னர் நிகழ்வது இன்னும் வியப்பு. அதே பேரியை அழைத்துத் தம் குழுவின் காவற்பணியை அவனுக்குத் தருகிறார்கள் அச்சிறுவர்கள். பண்பற்ற வீட்டிலிருந்து வந்தவனின் முரட்டு வலிமைக்கு ஒரு பணி கிடைத்தவுடன், அவன் அடிப்பதை விட்டுக் காக்கத் தொடங்குகிறான். பள்ளி செய்யத் தவறிய சீர்திருத்தத்தைப் பையன்கள் செய்து முடிக்கிறார்கள். இதையா ஆசிரியர்கள் அஞ்சுவது?

எதிர்ப்போர் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. பள்ளி விழாவில் தலைவரின் முகத்தையே முகமூடியாக அணிவித்து, அவரை எள்ளிப் பாடுகிறார்களே. இது தகுமோ என்பர். தகாதுதான். ஆனால், அதே கானர் முன்னொரு நாள் காணும் பகற்கனவை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கனவில் பிரிந்த பெற்றோர் சேர்ந்து ஆடுகின்றனர். அண்ணன் மிடுக்காய் வந்து நிற்கிறான். பாக்ஸ்டரும் அங்கே மகிழ்ச்சியோடு ஆடுகிறார்! தன்னைக் குறுகச் செய்தவரையும் தன் இன்பத்தில் சேர்த்துக்கொள்ளவே அப்பிள்ளையின் உள்ளம் விழைந்தது. அந்த விழைவு வீணான பிறகே முகமூடி வந்தது. மாறாத முகத்தைத்தான் தாளில் வெட்டி ஒட்ட முடியும்.

படிப்பைப் பாதியில் விட்டு, காதலித்த பெண்ணோடு சிறு படகில் இங்கிலாந்து நோக்கிச் செல்கிறானே. இது வழிகாட்டியா என்றும் கேட்பர். இல்லை, வழிகாட்டியன்று. மழையும் அலையும் சூழ்ந்த கடலில் அவர்கள் முகத்தில் தெரியும் அச்சத்தைப் படம் மறைக்கவில்லை. அக்கரையில் என்ன கிட்டும் என்று சொல்லவுமில்லை. கரையில் நின்று துள்ளி மகிழும் அண்ணனோ, தான் போகாமற்போன வழியில் தம்பியை அனுப்பியவன். அவன் மகிழ்ச்சிக்குள் ஒரு வாழ்வின் இழப்பு இருக்கிறது. பள்ளியில் ஒருவரேனும் கைகொடுத்திருப்பின், அந்தப் படகு அவ்வளவு விரைவில் அவிழ்ந்திராது.

படத்தில் குறை உண்டெனில், அது வேறிடத்தில் உள்ளது. பாக்ஸ்டர் ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறார். அவர் ஏன் அப்படியானார் என்று இயக்குநர் கேட்கவில்லை. நல்லாசிரியர் ஒருவரையேனும் அவர் கண்முன் நிறுத்தவுமில்லை. அச்சபையில் ஏழைச் சிறுவரை எழுத்தறிவித்து உயர்த்திய நல்லவர்களும் இருந்தனர். அவர்களுக்கு இப்படம் இடம் தரவில்லை.

அக்குறையை ஈடுசெய்யும் படம் ஒன்று ஜப்பானில் உண்டு. நோபுஹிரோ யமாஷிடா இயக்கி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'லிண்டா லிண்டா லிண்டா'வில், உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் பள்ளிக் கலைவிழாவுக்குச் சில நாள்களே இருக்கும்போது இசைக்குழுவைப் புதிதாய் அமைக்கிறார்கள். பாடவருபவள் கொரியாவிலிருந்து வந்த பரிமாற்ற மாணவி; ஜப்பானிய மொழியில் தடுமாறுபவள். அங்கும் ராக் இசைதான். அங்கும் முரசு அதிரத்தான் செய்கிறது. ஆனால், பள்ளியே மேடை தருகிறது. அம்மாணவிகளுக்குப் படகு தேவைப்படவில்லை.

இசையில் நஞ்சு இல்லை. வயதிலும் நஞ்சு இல்லை. அதே வயதும் அதே இசையும் ஓரிடத்தில் பகையாகவும் ஓரிடத்தில் விழாவாகவும் மாறுவதற்குக் காரணம், நடுவில் நிற்கும் பெரியவரே. அடுத்த முறை ஒரு மாணவனைக் கட்டொழுங்குக் குறைக்காக அறைக்கு அழைக்கும் ஆசிரியர், அவன் காலை நோக்குமுன் கண்ணை நோக்கட்டும். காலணி ஏன் பழுப்பாயிருக்கிறது என்று கேட்கட்டும். கேட்டபின், அவன் சொல்லும் விடையை இறுதிவரை செவிமடுக்கட்டும்.