ஜெயித்தாலும் வேலை போகும்! ஆக்கி 'கோச்'சுகள் படும் பாடு

பிளவக்கல்:-

பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்பு பக்கம் ஒரு பையன் ஆக்கி மட்டையைப் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செயற்கைப் புல்தரையில் பழக அவன் கோவில்பட்டிக்குப் போகலாம். அரசு விளையாட்டு விடுதியும் அங்கே உண்டு. கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடிவிட்டார்.

சரி, ஆடி முடித்த பிறகு? "ஏதாவது காலேஜில் கோச்சாகப் போயிடலாம்" என்பார்கள். அது அவ்வளவு லேசா?

தங்கம் வாங்கியவர்

சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று சாய்த்துத் தங்கம் கொண்டுவந்தார். அமெரிக்கா உள்பட பல நாடுகள் வராத ஒலிம்பிக்தான். அதற்காகத் தங்கம் பித்தளை ஆகிவிடுமா? அதன்பிறகு ஆக்கியில் நமக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை.

2000-ல் சிட்னி. இப்போது பாஸ்கரன் கோச். போலந்தை ஜெயித்தால் அரை இறுதி. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் போலந்து திருப்பி அடித்தது. 1-1! அரை இறுதி போச்சு. கிடைத்தது 7-வது இடம். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை. மறுபடியும் அவரே கோச். 11-வது இடம்!

கோலை விட்டது களத்தில் நின்றவர்கள். திட்டு மட்டும் வெளியே நின்றவருக்கு.

ஜெயித்தவர் கதை

மாஸ்கோ அணியில் ஆடிய இன்னொருவர் எம்.கே.கவுசிக். இவர் கோச்சாக இருந்தபோது 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு, 32 வருஷம் கழித்து! மாலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? தன்ராஜ் பிள்ளை உள்பட மூத்த ஆட்டக்காரர்களோடு கவுசிக்கையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

காலேஜ் வாசலில் சட்டம்

இந்திய அணி கோச்சுக்கே இந்த நிலைமை. கல்லூரியில் நிரந்தர வேலை என்றால் உடற்கல்வி இயக்குனர் பதவிதான். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் போட்ட விதி: உடற்கல்வியில் முதுகலைப் பட்டம், 55 சதவீத மார்க், 'நெட்' அல்லது 'செட்' தேர்ச்சி, இல்லாவிட்டால் டாக்டர் பட்டம். ஓட்டப் பரீட்சை வேறு!

ஆட்டக்காரருக்கு ஒரு சின்ன கதவு திறந்திருக்கிறது. ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் விளையாட்டில் பதக்கம் வாங்கியிருக்கவேண்டும். அப்படி வாங்கினவரும் முதுகலைப் பட்டம் காட்டவேண்டும். பாட்டியாலா போய் கோச் டிப்ளமா முடித்து வந்தாலும் அது கோச் வேலைக்குத்தான். இந்த நாற்காலிக்கு எடுபடாது.

படிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காலையும் மாலையும் மைதானம், நடுவில் ரெயில் பயணம் என்று இருக்கிறவன் எப்போது 55 மார்க் வாங்குவது? அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரன் ரெயில்வே, பேங்க், போலீஸ் என்று போய்விடுகிறான். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காலேஜ் மைதானத்துக்கு மிஞ்சுவது பகுதி நேர கோச். வருஷம் முடிந்தால் அடுத்த வருஷம் உண்டா என்று அவருக்கே தெரியாது. இன்று சேர்கிற பையன் 3 வருஷம் படிப்பான். அவனை முடித்து அனுப்ப அதே கோச் இருப்பாரா? விசாரித்துவிட்டு 'சீட்' வாங்குங்கள்.