தாலியாவின் வாசல்

உடி ஆலனின் ‘ஆனி ஹால்’ (1977) படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். பிரிந்துபோன காதலி, நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘தி சாரோ அண்ட் தி பிட்டி’ ஆவணப்படத்துக்குத் தன் புதுத் துணையை அழைத்து வந்திருப்பதை நாயகன் தற்செயலாகக் காணும் இடத்தில், என் கண் அவர்களை விட்டுவிட்டு அந்தத் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டது. நியூயார்க்கில் பிராட்வேயை ஒட்டி, 95ஆம் தெருவில் இருந்த தாலியா அது. 1931இல் திறந்த சின்ன அரங்கம். அதன் தரை, வழக்கத்துக்கு மாறாக, திரையை நோக்கி மேலேறிப் போகும். முன்வரிசையில் உயரமான ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவருக்கு முதலில் மறைவது திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில்தானே! ஆனாலும் ஐரோப்பியப் படங்களையும் பழைய படங்களையும் தேடி ஜனங்கள் அங்கே போனார்கள். மொழி தெரியாத கதைக்காகக் கழுத்தை வளைத்துக் காத்திருந்த அந்தப் பொறுமைதான் என்னை நெகிழவைக்கிறது. இன்று எந்த நாட்டுப் படமும் என் கைப்பேசிக்கே வருகிறது. பத்து நிமிடம் பிடிபடவில்லை என்றால் மாற்றிவிடுகிறேன். தெருமுனைத் தியேட்டரில் அது முடியாது. காசு கொடுத்தாயிற்று, விளக்கும் அணைந்தாயிற்று, பக்கத்தில் அதே பேட்டைக்காரர். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அப்படி உட்கார்ந்ததில்தான் எத்தனையோ பேருக்கு அந்நியம் பழக்கமாகியிருக்கும். தாலியா 1987இல் மூடப்பட்டது. பிற்பாடு அதே இடத்தில் புது அரங்கம் வந்தது, பெயரிலும் தாலியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரோடு அந்தப் பொறுமையும் நமக்கு மிஞ்ச வேண்டும் என்பதே என் ஆசை.