ஆகாயம் காட்டும் டப்பா!

புதையல் எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு என்றாவது ஆசை இருந்ததுண்டா? இல்லை என்று சொல்லாதீர்கள். சின்ன வயதில் கொல்லைப்புறத்து மண்ணைக் கிளறிப் பார்க்காதவர் யார்? எனக்கு முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்த ஆசை போகவில்லை. சென்ற ஆண்டு சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தேன். போன மறுநாளே புதையல் தேடக் கிளம்பிவிட்டேன். என்னைக் கிளப்பியவன் அக்காவின் பிள்ளை. வயது பத்து.

"மாமா, பூங்காவில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாங்க, கண்டுபிடிக்கலாம்!" என்றான்.

"டப்பாவில் என்னடா இருக்கும்? தங்கமா, வைரமா?"

"ஒரு நோட்டு இருக்கும் மாமா. அதில் நம்ம பேரை எழுதலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

அந்த அவ்வளவுக்காகத்தான் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான ஜனங்கள் மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் குனிந்து குனிந்து தேடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? இந்த விளையாட்டுக்கு 'ஜியோகேச்சிங்' என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அந்த இடம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கையில் செல்போனை வைத்துக் கொண்டு தேடிப் போவார்கள். இதுதான் சங்கதி.

பிறந்த கதை

இந்த விளையாட்டு பிறந்த கதை ருசிகரமானது. ஆகாயத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கிரகங்கள் சுற்றிக் கொண்டிருக்கின்றன. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லக் கூடியவை அவை. ஆனால், 2000ஆம் ஆண்டு வரை அவை பொது ஜனங்களுக்குச் சரியான உண்மையைச் சொல்லவில்லை. ராணுவ காரணங்களுக்காக, வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகச் சொல்லும்படி வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை பிசகும். நீங்கள் கோவில் வாசலில் நின்றால், குளத்துக்குள் நிற்பதாகச் சொல்லும்!

2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி இரவோடு அந்தப் பிசகை நிறுத்தும்படி ஜனாதிபதி கிளின்டன் உத்தரவிட்டார். மே 3ஆம் தேதியே, ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சில புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், இவற்றோடு ஒரு டின் பீன்ஸும் இருந்தன. இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். "ஏதாவது ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள், ஏதாவது ஒன்றை வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்" என்பதுதான் அவர் போட்ட சட்டம். மூன்று நாளைக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மே மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென்று தனி இணையதளம் தொடங்கியபோது உலகத்தில் இருந்த டப்பாக்கள் 75. இன்று 30 லட்சத்துக்கும் மேல்!

எங்கள் முதல் வேட்டை

சரி, எங்கள் வேட்டைக்கு வருவோம். கடற்கரையை ஒட்டிய பூங்கா. பையன் கையில் அக்காவின் செல்போன். "இன்னும் 80 மீட்டர் மாமா... 40... 12..." என்று அறிவித்துக் கொண்டே ஓடினான். 5 மீட்டர் என்று காட்டியதும் இருவரும் நின்றோம். எதிரே ஒரு பெரிய மரம். அவ்வளவுதான். டப்பாவைக் காணோம்!

முதல் பாடத்தை இங்கேதான் படித்தேன். செல்போன் உங்களை டப்பாவின் தலைமேல் கொண்டு போய் நிறுத்தாது. வெட்டவெளியில்கூடச் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவேயும் பிசகு இன்னும் அதிகமாகும். ஆகையால் பத்து மீட்டருக்குள் வந்ததும் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். "நான் ஒளித்து வைத்தால் எங்கே வைப்பேன்?" என்று யோசிக்க வேண்டும். இயற்கைக்கு ஒவ்வாததாக எது தெரிகிறது என்று பாருங்கள். காற்றில் விழுந்த சுள்ளிகள் ஒழுங்காக அடுக்கி வைத்தது போலக் கிடக்குமா? அங்கே சந்தேகப்படலாம்.

நாங்களும் சந்தேகப்பட்டோம். வேருக்கு வேர் சந்தேகப்பட்டோம். பெஞ்சுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். ஓட வந்தவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விளையாட்டு தெரியாத இப்படிப்பட்ட வழிப்போக்கர்களுக்கு ஆட்டக்காரர்கள் 'மகிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாதவர்களுக்குள்ள பெயராம். "மாமா, மகிள் வருது!" என்று பையன் கிசுகிசுத்தபோது, யாருடைய மகள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்!

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டப்பா கிடைக்கவில்லை. பையனின் முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மாமா என்று ஒருவன் ஊரிலிருந்து வந்து, மருமகனுக்கு ஒரு டப்பாவைக்கூடக் கண்டுபிடித்துத் தரவில்லை என்றால் எப்படி?

"டேய், 'கண்டுபிடித்தோம்' என்றே எழுதிவிடேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"டப்பா தொலைந்து போயிருந்தால் என்ன மாமா செய்வது? நாம கண்டுபிடிச்சதா எழுதினால், இருக்கிறதுன்னு நம்பி இன்னொருத்தர் வந்து வீணாத் தேடுவாங்களே!" என்றான்.

நான் வாயை மூடிக் கொண்டேன். அன்று இரவு, 'தேடினோம், கிடைக்கவில்லை' என்று அவன் எழுதினான். எந்த எந்த இடங்களில் தேடினோம் என்பதையும் மூன்று வரியில் எழுதினான்.

நான்காம் நாள் காலையில் பையன் என்னை உலுக்கி எழுப்பினான். டப்பாவுக்கு உடையவர் பதில் எழுதியிருந்தார். எங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டு நேரில் போய்த் தேடினாராம். டப்பா உண்மையிலேயே காணாமல் போயிருந்ததாம். புது டப்பா வைத்துவிட்டதாகவும், சொன்னதற்கு வந்தனம் என்றும் எழுதியிருந்தார். இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. எழுதுகிறவருடைய வார்த்தையை நம்பித்தான் ஆட்டமே நடக்கிறது. பத்திரிகைக்காரனான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பையன் தெரிந்து வைத்திருந்தான்.

நீங்கள் தொடங்குவது எப்படி?

முதலில், ஜியோகேச்சிங் இணையதளத்திலோ அதன் செல்போன் செயலியிலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். சந்தா கட்டாமலும் தொடங்கலாம். சொந்தப் பெயர் வேண்டாம்; ஒரு புனைபெயர் போதும்.

அடுத்து, சுலபமான டப்பாவாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க்குகள் கொடுத்திருப்பார்கள். கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்று. அங்கே போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரை போகும். ஒன்று என்றால் சுலபம். ஐந்து என்றால் கயிறு, படகு என்று ஏதாவது வேண்டியிருக்கும். நீங்கள் இரண்டிலும் ஒன்று, ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். அளவையும் பாருங்கள். 'மைக்ரோ' என்று போட்டிருந்தால், பழைய பிலிம் சுருள் டப்பா அளவோ அதற்கும் குறைவோதான் இருக்கும். முதல் முறைக்கு அது வேண்டாம். சமீபத்தில் யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். நாங்கள் அதைக் கவனிக்காமல்தான் ஒன்றரை மணி நேரம் மண்ணில் புரண்டோம்!

மூன்றாவதாக, பொந்தில் கையை விடாதீர்கள். அங்கே டப்பாவுக்கு முன்பே ஒரு பாம்போ தேளோ குடியிருக்கலாம். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். தண்ணீரும், முழுக்க மின்சாரம் ஏற்றிய செல்போனும் கையில் இருக்கட்டும். குழந்தைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

டப்பா கிடைத்ததும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். உள்ளே ஏதாவது பொம்மை இருந்து அதை எடுத்துக் கொண்டால், அதே மதிப்புள்ள வேறொன்றை வையுங்கள். எண் பொறித்த உலோக வில்லை ஏதாவது இருந்தால், அது உங்களுக்குச் சொந்தமல்ல. அது ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும் யாத்திரிகர். எடுத்துப் போய் வேறு டப்பாவில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் தொடுங்கள். பிறகு, டப்பாவை எப்படி இருந்ததோ அப்படியே, அதே இடத்தில் வையுங்கள்.

கொஞ்ச நாளில் நாமும் ஒன்று ஒளித்து வைக்கலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. அல்மர் வாளியைப் பாதி புதைத்தாரே, அது இன்று செல்லாது. தின்பண்டம், கத்தி, மது எதுவும் ஆகாது. ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியும்படியான டப்பா உத்தமம். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெதர்பி என்னும் ஊரில், ஒருவர் தெருவில் டப்பாவை ஒளித்து வைப்பதைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று பயந்து போலீசைக் கூப்பிட்டார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து அந்த அப்பாவி டப்பாவை வெடி வைத்துத் தகர்த்தார்கள்!

நம் ஊரில் இதை இன்னும் அதிகமாக நினைவில் வைக்க வேண்டும். ரயில் நிலையம், பாலம், சர்க்கார் கட்டடம் போன்ற இடங்களில் குனிந்து துழாவிக் கொண்டிருந்தால், புதையலுக்குப் பதிலாகப் போலீஸ் ஸ்டேஷன்தான் கிடைக்கும்.

சிங்கப்பூரைப் போல அடிக்கு அடி டப்பா நம் பக்கத்தில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். விடுமுறைக்கு வரும் குழந்தைகளை வைத்துச் சொந்தத் தோட்டத்திலோ தோப்பிலோ நீங்களே நடத்தலாம். டப்பாவை வைத்த இடத்தில் நின்று, செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் துண்டுத் தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஜாக்கிரதையாக எழுதுங்கள். டிகிரி, நிமிஷம் என்று எழுதும் முறையில், நிமிஷப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்தில் ஒன்று தவறினால் ஆறடி பிசகும். முதல் இலக்கத்தில் ஒன்று தவறினால் அறுநூறு அடி! பிள்ளைகள் அடுத்த வீட்டுக்காரர் தோட்டத்தில் போய் மாங்காய் பறித்துக் கொண்டிருப்பார்கள்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மாலை, அதே மரத்தடிக்கு மறுபடியும் போனோம். இந்தத் தடவை பத்தே நிமிஷம். இரண்டு வேர்களுக்கு நடுவே, ஒரு மரப்பட்டைக்குப் பின்னால், சாப்பாட்டு டப்பா அளவில் இருந்தது. பையன் போட்ட கூச்சலில் பூங்காவில் இருந்த அத்தனை மகிள்களும் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டைத் திறந்தான். முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. புது டப்பாவுக்கு நாங்கள்தான் முதல் ஆட்கள்!

"எழுதுங்க மாமா!" என்று நோட்டை நீட்டினான்.

சட்டைப் பையைத் தடவினேன். கால்சட்டைப் பையைத் தடவினேன். பேனா இல்லை! எழுதிப் பிழைக்கிற மனிதன், எழுதுவதற்கென்றே நாலு மைல் வந்து, பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பையன் ஒன்றும் பேசவில்லை. காலுறைக்குள் செருகியிருந்த ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, தன் பெயரைத் தமிழில் எழுதினான். அதற்குக் கீழே, 'மாமாவும் வந்தார்' என்று எழுதினான்.

உங்கள் முதல் டப்பாவுக்கு என் வாழ்த்துக்கள். கிளம்பும்போது பேனாவை மறக்காதீர்கள்!