பெயிண்ட் அடித்தால் துரு போய்விடுமா?

பழைய ஸ்டீல் ஸ்கூபா டேங்கில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால், "மேலே ஒரு கோட் அடிச்சு விடுங்க சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. புதுசு மாதிரி ஆகும், புதுசு ஆகாது.

அந்த டேங்கில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறோம். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது விரல் நகம் அளவுக்கு, சுமார் 200 கிலோ பாரம். அதைத் தாங்குவது இரும்பு, பெயிண்ட் அல்ல.

பெயர்ந்த இடத்தில் வெளியே தெரியும் துருவுக்கு நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். அதன் ஓரத்தில் உப்பிக்கொண்டு நிற்கிற பெயிண்டுக்குத்தான் பயம். அதன் அடியில் கடல்நீர் தேங்குகிறது. ஆக்சிஜன் குறைந்த அந்த இடம்தான் ஆனோடாகி அரிபடும். வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்த வேதியியல்தான் இது. அரிப்பு அங்கே குழியாக உள்ளே இறங்கும். அதன்மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை. டேங்கின் அடியில் மாட்டும் ரப்பர் பூட்டுக்குள்ளும் இதே கதைதான்.

"ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆயிருக்கே" என்பார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது 5 ஆண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் காவல். அந்தக் கண்ணையும் பெயிண்டால் கட்டிவிடுகிறீர்களே!

முதலில் டேங்கில் உள்ள காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். தளர்ந்த பெயிண்டை முழுக்க உரியுங்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம், அது இரும்பையும் சேர்த்துத் தின்னும். தீ காட்டவே கூடாது. குழி தெரிந்தால் சிலிண்டர் பரிசோதகரிடம் கொண்டுபோய் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் துத்தநாகம் நிறைந்த பிரைமரும் பெயிண்டும். தோள்பகுதியில் பொறித்த எண்களையும் தேதிகளையும் மூடிவிடாதீர்கள்.

ஒழுங்காகப் பேணினால் ஸ்டீல் டேங்க் 50 ஆண்டு தாண்டியும் உழைக்கும். பேணுவது வேறு, பூசுவது வேறு.

இன்னொன்று. டேங்க் வெடித்தால் பெரும்பாலும் காற்று நிரப்பும்போதுதான் வெடிக்கும். அப்போது பக்கத்தில் நிற்பவர் அதை விற்றவரும் அல்ல, வாங்கியவரும் அல்ல. கம்ப்ரசர் ஓட்டுகிற பையன். உங்கள் பளபளப்புக்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?