எச்சரிக்கை தொழுவம் வரை வரட்டும்

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு நான் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் என்பது தெரியும். கர்நாடகக் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூரில் குடியேறியவன். காலையில் பால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு பழைய நினைவு வந்து உறுத்தும்.

அது மழைக்காலத் தொடக்கம். கணவனை இழந்த அம்மாள் ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய ஒரே எருமைக்குத் தொண்டை வீங்கி மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. தொண்டை அடைப்பான். ஊசி போட்டேன். விடிவதற்குள் எருமை போய்விட்டது. பக்கத்துத் தாலுகாவில் பத்து நாளாகவே அந்நோய் இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் சுற்றறிக்கை, எருமையைப் புதைத்த பிறகுதான் தபாலில் என் கைக்கு வந்தது. "முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம் எலகங்காவில் 'நிவேதி' என்னும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல ஆண்டு நோய்க் கணக்கையும் மழை, வெப்ப விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். கைப்பேசிச் செயலியும் உண்டு. இந்த இரண்டு மாதம் மிக முக்கியம். தடுப்பூசி மருந்தைக் குளிர்பெட்டியில் கொண்டுவந்து ஊர் ஊராகப் போட வேண்டும். போட்ட பிறகும் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஆனால் பழைய கணக்கை வைத்துச் சொல்லும் முன்னறிவிப்புக்குப் புதிய நோய் பிடிபடாது. மாடுகளின் தோல் கழலை நோய் 2019-ல் ஒடிசாவில் முதலில் தென்பட்டது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் என்று பரவி, நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. இத்தகைய நோயில், முதல் மாட்டைப் பார்த்தவர் உடனே சொல்வதே எச்சரிக்கை. சொல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இருந்தும், சந்தை மூடிவிடுவார்களோ, பால் எடுக்க மாட்டார்களோ என்று அஞ்சி மறைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எச்சரித்தால் வீண் பீதி கிளம்பும் என்பார் சிலர். சரியான செய்தி வராத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. தோல் கழலை நோய் மனிதருக்குத் தொற்றாது என்பதைக்கூட அப்போது பலருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே என் கருத்து இரண்டு. மாவட்ட அலுவலகம் வரை வரும் முன்னறிவிப்பைக் கிராமத்துப் பால் சங்கத்துப் பலகையில் அந்தந்த மொழியில் எழுதி வைக்க வேண்டும். காலையும் மாலையும் மாட்டுக்காரர்கள் கூடும் இடம் அதுதான். அடுத்து, நோயை முதலில் சொல்பவரைக் குற்றவாளி போல் விசாரிக்காமல், அவர் தொழுவத்துக்கு முதலில் மருந்து போக வேண்டும். அப்போதுதான் அடுத்தவரும் வாய் திறப்பார்.

ஊரில் மாடு வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கும் இருப்பார்கள். அடுத்த முறை பேசும்போது தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அந்த அம்மாள் கேட்டதும் ஒரு வார்த்தைதானே!