யானையின் செவியும் பறவையின் காலும்

விலங்கியல் கற்கும் பிள்ளையைப் பார்த்து, "யானைக்குப் பின்னாலும் கொக்குக்குப் பின்னாலும் திரிவதால் என்ன பயன்?" என்று பெற்றோர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. இரண்டு வரலாறுகள் இதற்கு விடை கூறும்.

1965 ஆம் ஆண்டில் இயன் டக்ளஸ்-ஹமில்டன் என்னும் ஒக்ஸ்போட் மாணவர், தன்சானியாவிலுள்ள மன்யாரா ஏரிப் பூங்காவிற்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 23. யானைச் செவியின் ஓரத்திலுள்ள கிழிசலும் துளையும் யானைக்கு யானை வேறுபடும். அவற்றைப் படம்பிடித்து, நூற்றுக்கணக்கான யானைகளை அவர் தனித்தனியே இனங்கண்டார். அதனால் ஓர் உண்மை தெளிவாயிற்று. யானைக் கூட்டம் வெறுங் கும்பலன்று. மூத்த பெண்யானையின் தலைமையில் தாயரும் மகளிரும் வாழும் குடும்பம் அது. அம்முதியவளைத் தந்தத்துக்காகச் சுட்டால், அவளது நெடுநாளைய அனுபவமும் குடும்பத்தை விட்டு நீங்குகின்றது. பின்னர் அவர் ஆபிரிக்கா முழுவதும் யானைகளைக் கணக்கிட்டு, வேட்டையின் கொடுமையை உலகறியச் செய்தார். 1989 இல் சருவதேசத் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டமைக்கு அவ்வுழைப்பும் ஒரு காரணமாகும்.

பறவையின் கதை 2007 இல் நியூசிலாந்தில் தொடங்குகின்றது. பட்டைவால் மூக்கன் என்னும் சேற்றுநிலப் பறவையொன்றின் காலில் ஆய்வாளர் 'ஈ7' என அடையாளமிட்டு, செய்மதிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியையும் பொருத்தினர். அது மஞ்சட் கடலோரத்தில் இறங்கி, இரையுண்டு வலுப்பெற்று, அலாஸ்காவுக்குச் சென்றது. மீளும்போது 11,680 கிலோமீற்றர் தூரத்தை ஏறத்தாழ எட்டு நாட்களில், எங்கும் இறங்காது கடந்தது.

இத்தகைய பயணிக்கு இடைவழிச் சேற்றுநிலமே அன்னசத்திரம். 2006 இல் தென்கொரியாவின் சேமன்கும் கழிமுகம் 33 கிலோமீற்றர் நீள அணையால் அடைக்கப்பட்டபோது, பல்லாயிரம் பறவைகள் அச்சத்திரத்தை இழந்தன. எனினும் ஆய்வாளரின் குறிப்புகள் வீண்போகவில்லை. மஞ்சட் கடலின் சீனக் கரையில் ஒரு பகுதி 2019 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

மாணவர்களே, நமது மன்னார்க் கரைக்கும் ஆண்டுதோறும் வடதிசையிலிருந்து சேற்றுநிலப் பறவைகள் வருகின்றன; வன்னிக் காட்டில் யானைகளும் உலவுகின்றன. ஓர் உயிரைத் தனியே அடையாளங் காணும் பொறுமை வாய்த்தவரே அதன் இனத்துக்காக வழக்காடத் தகுதியுடையவர். அத்தொழிலுக்கு முதற் கருவி ஒரு குறிப்புப் புத்தகமே.